கூட்டாளியின் டாங்கி

மருந்தடிக்கும் டாங்கியை என்னைப் போலச் சுத்தமாகக் கழுவுகிறவன் வாவிக்கரையில் எங்குமே கிடையாது. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவுவேன். பொய். ஒரு தரம்தான், அதுவும் வெறும் தண்ணீரில்.

பழுகாமத்து வயல் வட்டையில் நெல்லுக்குள் நின்ற அகல இலைக் களைக்கு மருந்தடித்த அதே டாங்கியில், மறுநாள் மனைவியின் கொச்சிக்காய்ப் பாத்திக்கு இலைப் பசளை உரம் கரைத்து அடித்தேன். அவள் கேட்கவில்லை. நல்ல பெயர் வாங்க நானாகவே அடித்தது. யோகட் கப்புகளில் விதை ஊன்றி, பிள்ளை போல வளர்த்து நட்ட கன்றுகள். இந்த முறை மிளகாய்க்குக் கடைப்பக்கமே போகமாட்டேன் என்று அயலெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் இலைகள் முறுக்கிக்கொண்டன.

"ஆர்ர கண்ணோ பட்டுட்டு," என்று பாத்தி நடுவே பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"ஓம், பொல்லாத கண்," என்றேன். சொல்லும்போதே என் கண் டாங்கிப் பக்கம் போனது.

அவள் இல்லாத நேரம் ஒரு கன்றைப் பிடுங்கினேன். வேர் கிளைவிடாமல் கட்டையாக வீங்கிக் கிடந்தது. விவசாயப் போதனாசிரியருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, என்ர கூட்டாளி ஒருத்தன், கொஞ்சம் மடையன்..."

கதையை முழுக்கக் கேட்டார். "உங்கட கூட்டாளி டாங்கியக் கழுவினவரா?"

"கழுவின மாதிரித்தான்."

ஐந்தாம் ஆண்டு தாண்டாத என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான்: செடியின் குருத்தில் ஓமோன் என்று ஒன்று ஊறுகிறது. அது துளித்துளியாக இறங்கி, வேரிடம் 'இங்கே கிளைவிடு' என்கிறது. என் களைநாசினி அதன் போலி. நெல் அதைத் தாங்கும், கொச்சி தாங்காது. அளவு மீறினால் வேர் கிளைவிடுவதை விட்டுவிட்டு வீங்கும். டாங்கியில் மிஞ்சியது கொஞ்சம் என்றால், புதுப் பக்கவேர் வந்து செடி தப்பலாம்.

"பிடுங்கிப் பிடுங்கிப் பாக்க வேணாமெண்டு கூட்டாளிக்குச் சொல்லுங்க."

அதன்பிறகு பிடுங்கவில்லை. விரலால் கிளறித்தான் பார்க்கிறேன், நாளுக்கு நாலு தரம். இன்று காலை ஓரத்துக் கன்றடியில் வெள்ளையாக மயிர் போல ஒன்று தெரிந்தது. வேரா, என் தலையிலிருந்து விழுந்த நரையா என்று குனிந்து... வாசலிலிருந்து மனைவியின் குரல்.

"இஞ்ச வாங்க! போதனாசிரியர் ஐயாவ நான்தான் வரச்சொன்னன். வந்து நிக்கார். உங்கட கூட்டாளிக்குச் சுகமா எண்டு கேக்கார். ஆரது கூட்டாளி? டாங்கியையும் எடுத்துட்டு வரட்டாம்!"

"வாறன்!"