தவம் அண்ணையின் மறுப்பு

சனிக்கிழமை காலை தவம் அண்ணையின் இலக்கத்திலிருந்து எங்கள் குழுவுக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. என் யோசனைக்கு இன்னொரு மறுப்பு என்று நினைத்து, எரிச்சலில் திறக்காமலே வைத்துவிட்டேன். அனுப்பியது அவருடைய மகள். அப்பா விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று எழுதியிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் சிலர் சேர்ந்து தமிழ்ச் சொற்களால் ஆன கணினி நிரலாக்க மொழியொன்றைச் செய்துவருகிறோம். ஞாயிறுதோறும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியறையில் கூடுவோம். அங்கே நான் கேட்டது ஒன்றுதான். ‘இப்படியென்றால் இது, இல்லாவிட்டால் அது’ என்கிற நிபந்தனையும், கணக்கில் கூட்டல் கழித்தல் வருவதுபோல, ஒரு பெறுமானத்தை, அதாவது விடையை, தருகிற கோவையாக இருக்கட்டும். புள்ளி போதுமென்றால் ‘சித்தியடைந்தார்’, போதாவிட்டால் ‘சித்தியடையவில்லை’ என்று ஒரே வரியில் வேலை முடியும். தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படிப்பித்த தவம் அண்ணை இரண்டு வருடமாக அதை உள்ளே விடவில்லை.

“எழுதிறவனுக்கு வடிவுதான். பிழை தேடுறவனை யோசிச்சனீரோ?” என்பார். இணுவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வழியெல்லாம் இதையேதான் யோசித்துக்கொண்டு வருவாரோ என்று எனக்குச் சந்தேகம்.

குழுவின் ஒழுங்கும் அவர் போட்டதுதான். ஒன்றை மறுக்கிறவர், முதலில் மற்றவரின் கட்சியை அவரே “ஓம், அதுதான்” என்று சொல்லுமளவுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். பிறகுதான் மறுக்கலாம். என் யோசனையை என்னைவிட நன்றாக அவர் சொல்வார். நானும் வாய்நிறைய “ஓம்” சொல்வேன். “சரி, இப்ப ஏன் வேண்டாம் எண்டு சொல்லுறன்” என்று தொடங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அண்ணை, நீங்கள் ஒருக்காலும் ஒத்துக்கொள்ள மாட்டியளோ?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“விளங்கப்படுத்தும், ஒத்துக்கொள்ளுறன். களைச்சுப்போய் ஒத்துக்கொள்ள மாட்டன்.”

அவருடைய எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து வந்த ஞாயிறு கூடினோம். “இனி ஆர் மறுக்கப் போகினம்? சேர்ப்பம்” என்றார் ஒரு நண்பர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு வருடம் கெஞ்சிக் கேட்ட சம்மதம் இப்படியா கிடைக்க வேண்டும்? நானே எழுந்து தவம் அண்ணையின் கட்சியைச் சொன்னேன். பெறுமானம் நிபந்தனையின் எந்தக் கிளையிலிருந்து வந்ததென்று புதிதாகப் படிக்கிறவர்கள் தேடித் திரிவார்கள் என்றேன். அவருடைய உதாரணங்கள் ஒன்றையும் விடவில்லை. முடித்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது சரியா என்று சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை.

முன்மொழிவு அப்படியே கிடக்கிறது. சேர்க்கவும் மனமில்லை, கைவிடவும் மனமில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மறுப்புத்தான், வெல்லாமலே வைத்திருக்கிறேன்.

என்னிடம் தோற்பதற்காவது நீங்கள் இருந்திருக்கலாம், அண்ணை.