பின்பக்கம் முப்பது மில்லிமீட்டர்

2004 ஜூலை 9, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் ஏழு குடம் தண்ணீர் பிடித்தேன். சவரம், நான்கு இட்லி, செய்தித்தாள். வழக்கமாக எட்டரைக்கு லேபிள் மாதிரிகள் அடங்கிய பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கிளம்புவேன். சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு ஆர்டர் பிடிப்பது என் வேலை. அன்று மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனேன்.

காரணம் முந்தின நாள் நடந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனி வாசலில், தள்ளித் திறக்கிற கேட்டுக்காக மேட்டில் பதித்திருந்த தண்டவாளத்தில் என் வண்டியின் மெயின் ஸ்டாண்டு உரசித் தீப்பொறி பறந்தது. ஒரே ஒரு பொறி. போர்மேன் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு எப்பவும் போல டீ உண்டு. வண்டிக்கு இனி உள்ள இடமில்ல."

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த கனமான வண்டி அது. பதினாறு வருடம் ஓடியதில் பின்பக்கம் தாழ்ந்து போயிருந்தது. சனிக்கிழமை காலையில் அந்த முதலாளி தீபாவளிச் சீசனுக்கான லேபிள்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். அந்த ஆர்டர் போனால்கூடப் பரவாயில்லை. பொறி பறக்கிற வண்டி என்று பேராகிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் ஒரு கேட்டும் எனக்குத் திறக்காது.

"ஸ்டாண்டக் கழட்டிருவோமா?" என்றார் மெக்கானிக்.

"அடுத்தாப்ல சைலன்சர் உரசும். பின்பக்கத்தத் தூக்கிரு தம்பி."

வெல்டிங் நடக்கும் பட்டறைக்குள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெட்டியை ஆர்டர் பிடிக்கிற நாங்கள் யாரும் கொண்டு போவதில்லை. உள்ளே வெறும் காகிதமே இருந்தாலும் சரி. நானும் எதிர் டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். எஃகு ஸ்கேலால் மூன்று முறை அளந்தேன். பதினைந்து மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும் என்று கணக்கு வந்தது. லேத்தில் எஃகுத் துண்டுகள் வெட்டி, இரண்டு ஷாக் அப்சார்பர்களுக்கும் அடியில் கொடுத்து முறுக்கினோம். பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது.

டீக்கடையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கடையைத் தாண்டியதும் இருந்த வேகத்தடையில் கர்ரென்று உரசியது.

அளந்தது வெறும் வண்டியை. இருபத்தெட்டு கிலோ பெட்டியும் அதன் முன்னால் நானும் அந்தக் கணக்கில் இல்லை.

மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்புட்டையும் டைரியில எளுதுவீக, பெட்டிய விட்டுட்டீகளே அண்ணாச்சி!"

இந்த முறை டீக்கடை வாசலிலேயே அளந்தோம். பெட்டியோடு நான் வண்டியில் உட்கார, மெக்கானிக் ரோட்டில் படுத்து ஸ்கேலைப் பிடித்தார். இரண்டு பேர் வண்டி சாயாமல் தாங்கிக்கொண்டார்கள்.

"சட்ட தைக்கவா அளவெடுக்கீக?" என்று டீ ஆற்றியவர் கேட்டார்.

"டவுசருக்கு" என்றார் படுத்திருந்தவர்.

மொத்தம் முப்பது வேண்டும் என்று தெரிந்தது. புதிய துண்டுகள் வெட்டினோம். பின்பக்கம் உயர்ந்ததும் சைடு ஸ்டாண்டு குட்டையாகி வண்டி விழப் பார்த்தது. பெட்டியை மறுபடி டீக்கடையில் விட்டுவிட்டு, ஸ்டாண்டின் நுனியில் ஒரு துண்டை வெல்டு வைத்தோம். செயினைச் சரிசெய்தோம். கீழே பார்த்த ஹெட்லைட்டை நிமிர்த்தினோம். ஐந்தேகாலுக்குப் பெட்டியோடு அதே வேகத்தடையை நான்கு முறை ஏறி இறங்கினேன். சத்தமே இல்லை. ஐந்தாவது முறை தேவையில்லைதான்; சந்தோஷத்துக்காக ஏறினேன்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக அந்தக் கேட்டுக்குப் போனேன். போர்மேன் தண்டவாளத்தின் பக்கத்தில் குத்தவைத்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்துகொண்டார். தாண்டினேன்.

"திரும்ப வாங்க."

திரும்ப வந்தேன்.

"இன்னொருக்க."

மூன்றாவது முறை தாண்டியதும் அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"போங்க அண்ணாச்சி, முதலாளி வந்துட்டாக."

வண்டியை அணைக்காமல் ஆபீஸ் வாசல் வரை ஓட்டிக்கொண்டு போனேன்.