காலடிச் சத்தம் கேட்கும் தொழிற்சாலை

கனடாவில் நான் வேலை செய்யும் விமானத் தொழிற்சாலையில் சில மாதங்களாக என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கிறது. இறக்கைத் தகடுகளில் துளை போட நாங்கள் வரிசையாக நின்ற காலத்தில், காதை அடைத்துக்கொண்டாலும் தலை அதிரும். இப்போது அங்கே ஒரு யந்திரக் கை மட்டும் போய்வருகிறது. விமானம் கேட்பவர்கள் குறையவில்லை. சுவர்த் திரையில் உற்பத்திக் கோடு ஏறிக்கொண்டே போகிறது. கோட் மாட்டும் கொக்கிகள்தான் காலியாகின்றன. "நல்ல மாதம்" என்று சிரித்த மேற்பார்வையாளரிடம், "ஃபோர் ஹூம்?" என்று கேட்டேன். 'யாருக்கு' என்ற கேள்வி அவர் காதில் 'வார்ம்' என்று விழுந்ததோ என்னவோ, "ஆமாம், நல்ல வெயில்" என்றார்.

என் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் விடுமுறைக்கு இலங்கை மலைநாட்டில் எங்கள் ஊரான தலவாக்கலைக்கு வந்தேன். தம்பி சிவா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவன். என் சிபாரிசில் அவனுக்கும் கனடாவில் எங்கள் பிரிவிலேயே வேலை உறுதியாகியிருந்தது. லயத்து வீட்டு வாசலில் நான் பையை இறக்குவதற்குள் சொன்னான்:

"அக்கா, தொரைகிட்ட சொல்லிட்டேன். வேலைய விட்டு நின்னுட்டேன்."

"அதுக்குள்ளயா? அவசரப்பட்டுட்டியேடா."

"ஏன், அங்க பிளேன் செய்யிறத நிப்பாட்டிட்டாங்களா?"

"நிப்பாட்டல. ஆளுதான் வேணாங்கிறாங்க."

நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தான்.

சில நாளில், கூட வேலை செய்யும் மரியாவின் குரல்செய்தி வந்தது. புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். எங்கள் பிரிவில் யார் இருப்பது, யார் போவது என்று அடுத்த வாரம் சொல்வார்களாம். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன வயதில், தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு மலையைக் கைவிட்டுக் காடாக விட்டார்கள். அன்று காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், அம்மாவின் பேரைக் கூப்பிடவில்லை. எல்லாரும் மலையேறிய பிறகும் அம்மா கூடையோடு அங்கேயே நின்றார். அந்தப் பயம் அன்றே என் உடம்பில் ஏறிவிட்டது.

சிவாவிடம் சொன்னேன். உடனே வேலையைத் திரும்பக் கேட்கத் தோட்ட ஆபீசுக்குப் போனான். திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த எடத்துக்கு இனி ஆளே போட மாட்டாங்களாம். இருக்கிறவங்களே பார்த்துக்குவாங்களாம். நீங்களாவது சீக்கிரம் போங்கக்கா."

கனடா திரும்பக் கொழும்பு ரயிலில் ஏறினேன். தம்பி பிளாட்பாரத்தில் கையைக்கூட அசைக்காமல் நின்றான். பக்கத்து இருக்கைச் சிங்களப் பெண், என் பெட்டிகளைப் பார்த்து, "கெதர யனவத?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போகிறீர்களா என்கிறாள். ஆம் என்று தலையசைத்தேன், உடனே இல்லையென்றும் அசைத்தேன். எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்து, அவள் அதே கேள்வியை மெதுவாக மறுபடி கேட்டாள்.