ஹாலின் குறுக்கே எழுப்பிய சுவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்தக் குரலை என் காதால் கேட்டேன். யாரோ சொன்ன கதை இல்லை இது.

என் பெயர் கோமளா. கட்டட என்ஜினியர். போன வருடம் வேலம்பாளையத்தில் ஒரு பழைய மாடி வீட்டை நாலு பிளாட்டாகப் பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. வீட்டை விற்றவர்கள் கோயமுத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள். கீழே இருந்த பெரிய ஹாலை இரண்டாகப் பிரிக்க, குறுக்கே ஒரு சுவர் எழுப்பினோம்.

மறுநாள் காலையில் சுவரில் ஓட்டை. ஓர் ஆள் நுழைகிற அளவு. செங்கல் ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வொன்றாக உருவி, ஓரமாக அடுக்கியிருந்தது.

அடைத்தோம். அடுத்த நாளும் அதே இடம்... அதே ஓட்டை.

வாட்ச்மேன் மணியன் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

"சத்தியமா நானில்லீங்க மேடம். உள்ள காலே வைக்கறதில்லீங்க."

"அப்ப செங்கல் தானா எறங்குதுங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எதையோ மறைக்கிறார் என்று பட்டது. கேட்டில் இருந்த கேமராவின் ராத்திரிப் பதிவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மணியனும் நாற்காலியை விட்டு எழவில்லை. அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. பின்பக்கமாக யாரையோ விடுகிறார் என்றே நினைத்தேன்.

பில்டர் மோகன்ராஜ் போனில் கத்தினார்.

"நாளைக்கும் இப்படியே இருந்தா வாட்ச்மேனும் வேண்டாம், நீங்களும் வேண்டாமுங்க."

அன்று சாயங்காலம் ஓட்டையை மறுபடி அடைக்கவைத்தேன். எல்லோரும் கிளம்பியதும் மணியனை வெளியே அனுப்பிக் கேட்டைப் பூட்டினேன். பின்கதவையும் பூட்டினேன். சாவி என்னிடம். ஹாலில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பனியன் கம்பெனியில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று கரண்ட் போனது. மெஷின்கள் நின்றன.

சரக்...

சுவருக்கு அந்தப் பக்கம்.

சரக்... சரக்... வெறுங்காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம்.

"யாருங்க அது?"

சத்தம் நின்றது.

போன் டார்ச்சை அடித்தேன். அடைத்த இடத்தில் ஈரம் காயாத சிமெண்ட். அதில் ஒரு செங்கல் மெல்ல... என் பக்கமாக நகர்ந்து வந்தது.

இன்னொன்று.

கை இல்லை. ஆள் இல்லை.

ஓட்டைக்குள்ளிருந்து மூச்சிரைக்க ஒரு கிழவியின் குரல்.

"கொஞ்சம் வழி உடு கண்ணு..."

ஓடினேன். இருட்டில் கேட்டுப் பூட்டில் சாவி நுழையவில்லை. வெளியே நின்ற மணியன்தான் கம்பிக்குள் கைவிட்டுச் சாவியை வாங்கித் திறந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்களுக்கும் கேட்டுதுங்களா?"

மறுநாள், வீட்டை விற்ற தரணீதரனுக்குப் போன் செய்தேன். அந்த வீட்டில் வயதான பெண்கள் யாராவது இறந்தார்களா என்று கேட்டேன்.

"இல்லீங்களே. வயசானவங்கன்னா எங்கம்மா தெய்வாத்தா மட்டுந்தானுங்க. உசுரோட இங்கதான் இருக்காங்க. பக்கவாதம். கட்டிலை விட்டு எறங்கியே எட்டு மாசமாச்சுங்க. பேச்சும் இல்லை."

பிறகு அவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க மேடம்... மூணு நாளா காலையில அம்மாவைத் தொடைச்சு விடறப்ப, உள்ளங்கால் ரெண்டுலயும் சிமெண்ட் ஒட்டியிருக்குதுங்க. எங்க ஊடு பன்னெண்டாவது மாடிங்க. இங்க எங்கயும் சிமெண்ட் வேலை நடக்கலீங்களே?"