கண்ணாடியில் ஒட்டிய அம்மா

அந்த வெள்ளை எனாமல் தட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. ஒரு மூலையில் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் எழுதுவினைஞராக வேலை பார்க்கும் பிரிவின் ஆய்வுகூடத்தில், யாழ்ப்பாணத்து மிஸ் நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடிச் சில்லுகளை ஊறவைத்துக் கழுவிய தட்டு அது. மிஸ் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஒரு துளி தண்ணீர் விடுவதற்கும் பத்து நிமிடம் எடுப்பார். எனக்கோ எதிலும் பொறுமை கிடையாது. கோப்புக் கட்டின் முடிச்சைக்கூட அவிழ்க்கமாட்டேன், வெட்டிவிடுவேன். இந்த மனுசியோடு எவர் காலம் தள்ளுவார் என்று எத்தனையோ தடவை முணுமுணுத்திருக்கிறேன்.

ஐந்து வருடங்களுக்கு முந்திய அடைமழையில், மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுத் தகரக் கூரை ஒழுகியது. ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே அம்மாவின் படம். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது இறந்துபோனவர். அடையாள அட்டைகூட எடுத்திருக்கவில்லை. கல்யாணமான புதிதில் கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த அந்தப் படம் ஒன்றுதான் மிச்சம். வெள்ளிக்கிழமைதோறும் அப்பா அதன் கண்ணாடி மேல், அம்மாவின் நெற்றி இருக்கும் இடத்தில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பார். பழையதை ஒருநாளும் துடைத்ததில்லை. சுமங்கலியாகப் போனவளின் பொட்டை அழிக்கக்கூடாதாம். அது தடித்துத் தடித்து நெற்றி முழுவதையும் மூடியிருந்தது. நான் அறிந்த அம்மாவுக்கு நெற்றியே இல்லை.

மறுநாள் காலையில் அப்பா அந்தப் படத்தை சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. "அடுப்புக்கு மேல வச்சுக் காயவைக்கத்தான் பாத்தேன் புள்ள. கருகிப்போயிருமோன்னு விட்டுட்டேன். அதான் ஒங்கிட்ட கொண்டாந்துட்டேன்" என்றார். நான் என்ன செய்தேன்? பின்பலகையைக் கழற்றி, மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். அம்மாவின் சேலை முந்தானையில் ஒரு துண்டு கண்ணாடியோடு தங்கிவிட்டது. அப்பா போட்ட "ஐயோ"வுக்கு மிஸ் ஓடி வந்தார்.

"இழுக்காதேங்கோ பிள்ளை! காயவும் விடக்கூடாது. காய்ஞ்சால் பசை மாதிரிப் பிடிச்சிடும்." சொல்லிக்கொண்டே இந்தத் தட்டில் தண்ணீரை நிரப்பினார்.

"தண்ணியாலதானே ஒட்டிச்சு, மறுபடி தண்ணியிலயா போடப்போறீங்க?" என்று கத்தினேன். மிஸ் இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே ஒரு துளி விட்டு, அழுத்தி என் கையில் தந்தார். பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை. "உள்ளுக்கு இருக்கிற தண்ணி சரியான மெல்லிசு. அதின்ர விளிம்பு காத்தில நிக்குது. அந்த விளிம்புதான் ரெண்டையும் இழுத்துப் பிடிக்குது. சுத்திவரத் தண்ணியெண்டால் விளிம்பே இல்லை. பிறகு எது பிடிக்கும்?" என்றார். தட்டில் அமிழ்த்தியதும் சில்லுகள் இரண்டும் என் விரல்களுக்கிடையில் வழுக்கிப் பிரிந்தன. படத்தை நானே எடுத்து மிஸ்ஸிடம் நீட்டினேன்.

கண்ணாடியோடு அதைத் தட்டில் வைக்குமுன் கண்ணாடியின் மேற்பக்கத்தைத் துடைக்க மிஸ் பஞ்சை எடுத்தார். அப்பா குறுக்கே வந்து நின்றார். "பொட்ட அழிக்காதீங்க மிஸ், ஒங்களக் கும்பிடுறேன்." மிஸ் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுப் பஞ்சைக் கீழே வைத்தார். "ஓம் ஐயா. பொட்டோடையே இருக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவந்தது. சாயம் போகிறது, அம்மா கரைந்து போகிறாள் என்றே நினைத்தேன். தட்டுக்குள் பாய்ந்த என் கையை மிஸ் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டார். "அது குங்குமம். பொறுங்கோ." தண்ணீரை மாற்றினார். மறுபடி மாற்றினார். அப்பா கதிரையின் நுனியில் உட்கார்ந்து முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். பிறகு மிஸ் தட்டை ஒரு பக்கம் மெல்லச் சாய்த்தார். படத்தின் ஒரு ஓரம் தானாகவே எழும்பியது. அப்படியே வழுக்கிக்கொண்டு கண்ணாடியை விட்டு விலகி வந்தது.

அப்பாடா! முகம் முழுசாக இருந்தது. நெற்றியும் இருந்தது. அகலமான நெற்றி. அதில் மிளகளவு பொட்டு, நடுவில் இல்லாமல் இடப்பக்கம் சற்று ஒதுங்கி. அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அவசரக்காரி. கண்ணாடி பாக்காமத்தான் வப்பா. எனக்கு மறந்தே போயிருச்சே புள்ள" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மிஸ் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்து, "அப்ப இந்த அவசரம் தாயிட்ட இருந்துதான் வந்திருக்கு" என்றார். அன்றுவரை அம்மாவிடமிருந்து எனக்கு ஏதாவது வந்திருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

படம் இப்போது புதுச் சட்டத்தில், கண்ணாடியில் படாதபடி உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா பொட்டைச் சட்டத்து மரத்தில் வைக்கிறார். அதையும் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுக்கித்தான் வைக்கிறார். மிஸ் போன வருடம் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். கழித்துவிட இருந்த தட்டை நான் கேட்டு எடுத்துக்கொண்டேன். அதில் கோப்பு நாடாக்களைப் போட்டு வைக்கிறேன். பெரும்பாலும் பொறுமையாக அவிழ்த்தவை. வெட்டியவையும் சில கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருப்பதில்லை.