செல்லையா பார்க்க மறுத்த ரத்தம்

செல்லையா இறந்த செய்தி வந்தபோது நான் கோவில்பட்டியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவருடைய தம்பி முருகன்தான் பேசினார். "அண்ணாச்சி, அண்ணன் போயிட்டாவ." எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அஞ்சலிக் கூட்டத்துக்கு எழுதித் தரச் சொன்னவர்கள், "நோயைப் பத்தி வேண்டாமே" என்றார்கள். சுவரொட்டியிலும் 'உடல்நலக் குறைவால்' என்று போட்டுவிட்டார்கள். அவரை அறிந்த உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். செல்லையாவுக்கு மலத்தில் ரத்தம் போனது. அதை மறைத்தார். குடலில் புற்று. அதனால் செத்தார்.

வார்டு மெம்பராக இருந்தபோது நம் தெருவில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்ட வைத்தவர் அவர். செம்போடு காட்டுப்பக்கம் போகிறவர்களை வழிமறித்து, "ஏலே, கட்டிக் கொடுத்தது ஆட்டைக் கட்டவா?" என்பார். பாதிப் பேர் அதில் விறகு அடுக்கியிருந்தார்கள். ஏசி ஏசியே அத்தனை பேரையும் திருத்தினார்.

அப்பேர்ப்பட்டவர் போன கோடையில் தானே செம்பைத் தூக்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போக ஆரம்பித்தார். தெருவே சிரித்தது. "மெம்பரே, உங்க கக்கூஸ்ல ஆடு நிக்கா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். "உள்ள புழுங்குதுய்யா" என்று சமாளித்தார். நான் விடவில்லை. தனியே நிறுத்திக் கேட்டபோது சொன்னார்:

"வெள்ளைப் பீங்கான்ல செக்கச்செவேல்னு தெரியுதுவே. வெளிய போனா கரிசல் குடிச்சிருது. பாக்கலைன்னா பயம் இல்லலா."

"பாக்கலைன்னா ரத்தம் நின்னுருமா? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மூலச்சூடுவே. மொளகா வத்தலைக் கொறச்சா சரியாயிரும். அந்த எடத்தைப் போயி காட்டச் சொல்லுதீரா? அதுவும் அங்கன இருக்கது பொம்பள டாக்டரு."

மூலமாகவே இருக்கட்டும். அதையும் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தானே? அன்றே அவர் மனைவியிடம் போட்டு உடைத்தேன். செல்லையா என்னோடு பேச்சை நிறுத்தினார். நான் சமாதானத்துக்குப் போகவில்லை. அந்த அம்மா கெஞ்சியும் அவர் அசையவில்லை. மோரும் வெந்தயமுமாகக் கோடை போயிற்று, மழைக்காலமும் போயிற்று. வேட்டி இடுப்பில் நிற்காத நிலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தப் பெண் டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "முன்னாலேயே வந்திருக்கலாமே ஐயா" என்று மட்டும் சொன்னாராம். நான் போனபோது கட்டிலில் கிடந்தபடி, "இப்ப ஏசும்வே, கேக்கேன்" என்றார். அன்று ஏச வாய் வரவில்லை. இப்போது ஏசுகிறேன்.

தகனம் முடிந்த மறுநாள் முருகன் என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார். செல்லையாவுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தவர் முருகன். "அண்ணாச்சி, எனக்கும் கொஞ்ச நாளா ரத்தம் தெரியுது. மதினிட்ட சொல்லிராதீங்க. பதினாறு கழியட்டும், போறேன்."

கொள்ளி வைத்தவர் காரியம் முடியுமுன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம்.

"ஏலே, அவருக்கு ஒரு பதினாறு போதும். ஒம் பொண்டாட்டியும் தனியா ஒண்ணு கழிக்கணுமா?"

காலை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். மொட்டைத் தலையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நம்மூர்க்காரர் ஒருவர், "இது அடுக்குமாவே?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அடுக்கும். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு சிறு கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

செல்லையாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம். ஆறுதல் சொல்லி இதைத் தணிக்க யாரும் வர வேண்டாம். ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் வாருங்கள். உங்கள் வீட்டிலும் சொல்வேன், பஸ்ஸிலும் ஏற்றுவேன்.