238 என்று தொடங்கியவர்கள்

கண் மருத்துவமனையில் அவளை எல்லோரும் லிஸ்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அவள் பொறுப்பில் இருந்தது. தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தவள். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அந்த அறையில் ஒரு கணினியை இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் அதைத் தொடப் பயந்தார்கள், இவள் தொட்டாள். ஒரு தடித்த கையேட்டைப் புரட்டிப் புரட்டி டேட்டாபேஸ் வேலையைத் தானே கற்றுக்கொண்டு, பட்டியலுக்கான புரோகிராமை வரி வரியாக எழுதினாள். கண்காணிப்பாளர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். புரோகிராம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதன் உள்விவரம் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சொந்தக்காரர் யாருக்காகவும் பட்டியலைத் திறந்து பார்க்க மாட்டாள். பார்த்தால் கை சும்மா இருக்காது, ஒருவரை மேலே ஏற்றினால் நூறு பேர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்பாள். குடும்பத்தில் இதற்காக அவளைக் கரித்துக்கொட்டாத ஆள் இல்லை. அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அண்ணன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். எரிந்துபோன காயிலைப் பிரித்தெடுத்து, மெல்லிய செம்புக்கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றுகிற வேலை. அவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை, அறுவைச் சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, தங்கையின் பெயரைச் சொல்லாமல் எல்லோரையும் போல நின்று சீட்டு வாங்கினார். எண் 2386. ஐந்து மாதத்தில் அழைப்பு வரும் என்றார்கள். வரவில்லை. ஏழாவது மாதம் ஒருமுறை, சாப்பிட்டுக் கை கழுவும்போது, எப்போது கூப்பிடுவார்கள் என்று தங்கையிடம் போகிறபோக்கில் கேட்டார். முறை வந்தால் கூப்பிடுவார்கள் அண்ணா என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

பதினோராவது மாதம் அண்ணி மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். அவளுடைய அறைக்கு அண்ணி வந்தது அதுவே முதல் தடவை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் சீட்டு, நான்காக மடித்து மடித்து ஓரம் நைந்துபோனது.

"நிலைக்கால்ல இடிச்சுக்கிறார். ஒரு தடவை இல்ல, தினமும். கம்பிய கண்ணால பாக்கறதே இல்ல, விரலால தடவித்தான் சுத்தறார். நீ யாருக்கும் பாக்க மாட்டேன்னு தெரியும். இருக்காரான்னு மட்டும் பார்த்துச் சொல்லு, போதும்."

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் ஒரு சொந்தக்காரரின் எண்ணைத் தட்டினாள். அப்படி ஒரு எண் இல்லை என்றது திரை. தப்பாகத் தட்டியிருப்போம் என்று மறுபடி தட்டினாள். பெயரைப் போட்டுத் தேடினாள். இல்லை. அண்ணியிடம் சரிபார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

அந்த டேட்டாபேஸில் ஒரு பெயரை நீக்கினால் அது உடனே அழிந்துவிடாது. நீக்கியது என்று ஓர் அடையாளம் மட்டும் விழும். அப்படி விழுந்தவற்றைக் காட்டாதே என்று செட்டிங்கில் சொல்லியிருப்பதால் அவை கண்ணில் படாது. வருடக் கடைசியில் ஒரு கட்டளை கொடுத்தால்தான் நிரந்தரமாகப் போகும். அவள் அந்தச் செட்டிங்கை மாற்றினாள். பட்டியல் ஒரு கணம் அசைந்து நீண்டது. 2386 இருந்தது. அண்ணன் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி. மேலே 2381, 2383, கீழே 2389, எல்லாவற்றுக்கும் நட்சத்திரம். இன்னும் வெகுதூரம் மேலே போனால் தனியாக 238. அது கூப்பிட்டும் வராமலே இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது, அவர் இறந்துவிட்டதாக மகன் கடிதம் எழுதியிருந்தார், அவரை நீக்கியது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

 காரணம் அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவள் புரோகிராம் எழுதிய கணினி மொழிக்குச் சீட்டு எண்ணும் ஒரு சொல்தான்; இரண்டு சொற்கள் ஒன்றா என்று கேட்டால், அது முழுதாக ஒப்பிடாது. 238 என்று கேட்டால் 238-இல் தொடங்கும் எதையும் ஆமாம், இதுவும்தான் என்று சேர்த்துக்கொள்ளும். முழுதாக ஒப்பிடு என்று செட்டிங் கோப்பில் ஒரு வரி எழுதி அதைக் கட்டிப்போட வேண்டும். ஆரம்ப காலத்தில் அவளே எழுதினாள். போன வருடம் பழைய கணினியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தபோது, கொண்டுவந்தவர் புரோகிராமை மட்டும் நகலெடுத்தார், செட்டிங் கோப்பு பழையதோடு போய்விட்டது. தேதியில் நாளும் மாதமும் இடம் மாறித் தெரிந்ததை அவள் அன்றே கவனித்தாள். வருடம் இரண்டு இலக்கமாகத் தெரிந்தது, அதையும் திருத்தினாள். நீக்கியவை மறுபடி எட்டிப்பார்த்தன, அதையும் அடைத்தாள். கண்ணுக்குத் தெரிந்த மூன்றையும் சரிசெய்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனாள். நான்காவது வரி விடுபட்டதைக் காட்டிக்கொடுக்கத் திரையில் எதுவும் இல்லை.

மாதாமாதம் நீக்க வேண்டியவர்கள் நாலைந்து பேர்தான். பெரும்பாலும் நான்கு இலக்க எண்கள், அவற்றால் பாதகமில்லை. மூன்று இலக்க எண் ஆறு முறை வந்திருந்தது. ஆறு முறையும், அந்த எண்ணில் தொடங்கும் பத்துப் பேரில் யார் யார் காத்திருந்தார்களோ அவர்களையும் அது இழுத்துக்கொண்டு போயிருந்தது. காத்திருப்போர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டியிருந்தார்கள்.

கண்காணிப்பாளரிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதலாமா என்றார். கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்தது, சொல்ல வேண்டிய ஒரு வரியை நான் சொல்லவில்லை என்றாள். அப்படி எழுதினால் உனக்குத்தான் சிக்கல், யோசித்து எழுது என்றார். அவள் அப்படியே எழுதினாள். விசாரணை வரும் என்றார்கள். வந்த பாடில்லை.

தவறாக நட்சத்திரம் விழுந்து இன்னும் திரையில் இருந்தவர்கள் இருபத்தேழு பேர். போன வருடக் கடைசிக் கட்டளையோடு அழிந்துபோனவர்களுக்குத் தடயமே இல்லை. நகல் வைத்திருந்த டிரைவில் வாரத்துக்கு வாரம் புதியது பழையதை மூடிவிடும். பதிவு அறையில் சீட்டின் அடிக்கட்டைகளைக் கொட்டி ஒன்பது நாள் உட்கார்ந்தாள். தண்ணீர் ஒழுகி ஒட்டிக்கொண்ட கட்டுகளைப் பிரித்தால் மை கையோடு வந்தது. பதினான்கு பேர் என்று கணக்கு நின்றது. ஒன்பது பேரைக் கண்டுபிடித்தாள், ஐந்து பேரின் எண்கள் மட்டும்தான் கிடைத்தன.

பிறகு போன் செய்யத் தொடங்கினாள். சிலருடைய எண் உபயோகத்தில் இல்லை. ஒருவர் வேறு ஊரில் செய்துகொண்டதாகச் சொன்னார். ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மாவுக்கு இப்ப வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியுது. கூட்டிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டாக்டரிடம் காட்டலாம் என்றாள் இவள். 

அண்ணி வந்துபோன அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் வாசல் விளக்கடியில் ஸ்டூல் போட்டு, ஒரு ஃபேன் மோட்டாரை மடியில் வைத்திருந்தார். இவள் குரலைக் கேட்டபிறகுதான் இவள் பக்கம் திரும்பினார். செட்டிங், நட்சத்திரம், வாத்தியார் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"நான் கேட்டேனே, ஏழாவது மாசம். அப்ப பார்த்திருந்தா இருந்திருப்பேனா?"

அவள் தேதியைப் பார்த்திருந்தாள். அவர் நீக்கப்பட்டது நான்காவது மாதம். ஏழாவது மாதமே பார்த்திருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

"இருந்திருக்க மாட்டீங்க அண்ணா. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நீ வேணும்னு செய்யல" என்றார். அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பாள். கொஞ்ச நேரம் மோட்டாரின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, "என்னை மட்டும் முன்னாடி போட்றாத. அந்த வரிசையில எனக்கு முன்னாடி யாரு?" என்று கேட்டார்.

அவருக்கு முன்னால் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். சீட்டு வாங்கிய தேதிப்படியே போட்டாள். இருபத்திரண்டு நாள் கழித்து அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வலது கண் போனது போனதுதான், இடது கண்ணில் மிச்சம் இருப்பது நிற்கும் என்றார் டாக்டர். குழாய் வழியாகப் பார்ப்பது போல் நேர் எதிரில் உள்ளது மட்டும் தெரிகிறது. கடையை விற்றுவிட்டார்.

அண்ணி அவளிடம் பேசாமல் இல்லை. வந்தால் வா என்கிறாள், சாப்பிடு என்கிறாள். அதற்கு அடுத்த வார்த்தை வருவதில்லை. அவளும் வாராவாரம் போகிறாள். பழம் வாங்கிப் போய் மேசையில் வைத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் தெரியாத அந்த ஐந்து பேருக்காக வெளி நோயாளிகள் பிரிவுச் சுவரில் எண்களை எழுதி ஒட்டியிருக்கிறாள். எழுத்தைப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறாள், ஆனால் யாருக்கு எழுதியதோ அவர்களால் இப்போது அதைப் படிக்க முடியுமா என்பது அவளுக்குத் தெரியவில்லை.